போடியாரை இரண்டு தரம் கொன்ற கீபோர்ட்

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் யாரும் அதை மதிப்பதில்லை. மூக்கு நுனி சிவந்து, குரல் கீச்சிட்டு, பார்க்க நான் ஏதோ நாடகத்தில் கோமாளி வேடம் கட்டியவன் போல இருப்பேனாம். மனைவி முதலில் சிரித்து முடித்துவிட்டுத்தான் காரணம் கேட்பாள். போன கிழமை அவளும் சிரிக்கவில்லை. போனை வைத்த கையோடு முற்றத்தில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரைக்கு ஓர் உதை விட்டேன். கதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பெருவிரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

போனில் கதைத்தவன் ஏறாவூர் நிஸ்தார். நான் ஓய்வுபெற்ற வானொலி நிலையத்தில் என் கதிரையில் இப்போது அவன்தான் இருக்கிறான். ஒலிபரப்புக் கணினியில் நான் எழுதிவைத்த பழைய ஸ்கிரிப்டை, விசைகளுக்கான கட்டளை வரிசையை, தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுகிறானாம். கீபோர்ட்டில் இரண்டு படியாக அமர்த்த வேண்டிய குறுக்குவிசை வரும் இடத்தில் ஒரு கடிகாரம் வைத்து, பிறகு அதை அடைத்துப் போட்டிருக்கிறதே, அது ஏன் என்று மரியாதையாகத்தான் கேட்டான். பிறகு, பேச்சோடு பேச்சாக, புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டும் பாடத்தில் எங்கள் நிலையத்துச் சம்பவம் ஒன்று இருக்கிறது என்றான். தலைப்பு, ‘ஒப்பரேட்டர் பிழைக்கு உதாரணம்’.

“ஆரோ ஜெசிந்தா எண்டு ஒரு ஆளாம் அண்ணன். உசிரோட இரிந்த மனிசனுக்கு மரண அறிவித்தல் போட்டவவாம்.”

அதற்குப் பிறகுதான் கதிரை.

நிஸ்தார், நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ சிரிப்பாய். எழுத்தில் எனக்கு மூக்கு இல்லை.

நான் நிலையத்தில் சேர்ந்தபோது என் ஆயுதம் ஒரு சவரப் பிளேடு. ஒலிநாடாவை வெட்டி ஒட்டுகிற வேலை. கணினி வந்து இறங்கிய அன்று, ஊழியர்களில் கண்ணாடி போட்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், இவனுக்குத்தான் இது விளங்கும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். இரவல் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, உடைத்து உடைத்துப் பழகினேன். நான் முதன்முதல் எழுதிய ஸ்கிரிப்ட், யார் ஸ்பேஸ் பாரைத் தட்டினாலும் செய்தி இசையைப் போட்டது. ஒரு காலை முழுக்க, ஏதோ பெரிய செய்தி வரப்போகிறதென்று சனம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. வந்தது பற்பசை விளம்பரம். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

விசையை அமர்த்தினால் ஸ்கிரிப்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு சொல். தையற்காரியிடம் துணியைக் கொடுத்துவிட்டு அவள் வாசலிலேயே குந்தியிருக்க மாட்டோம். நம்பரைக் கொடுத்து, முடிந்ததும் ஒரு கோல் அடி என்று சொல்லிவிட்டு நம் பாட்டில் வந்துவிடுவோம். ஸ்கிரிப்டும் அப்படித்தான். இந்த விசை அமர்ந்தால் என்னைக் கூப்பிடு என்று கணினியிடம் சொல்லிவைத்துவிட்டுச் சும்மா இருக்கும். விசை அமர்ந்ததும் அழைப்பு வரும், எழும்பி வேலையைச் செய்யும்.

ஒற்றை விசையென்றால் இதோடு கதை முடிந்தது. இரண்டு படி என்றால்தான் வில்லங்கம். முதலாவது அழைப்பு வந்ததும் செய்வதற்கு எதுவும் இல்லை. இன்னொன்று வரப்போகிறது என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சரி, அந்த இன்னொன்று வராமலே போனால்? எவ்வளவு நேரம் மனதில் வைத்திருப்பது? இரண்டு படி விசையின் முழுத் தலையிடியும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

எங்கள் நிலையத்தின் காலை நேரம் இரண்டு காரியங்களால் ஓடியது: மரண அறிவித்தல், பிறந்தநாள் வாழ்த்து. மற்ற நிகழ்ச்சியெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே ஆட்கள் தேத்தண்ணி குடிக்கப் போகிற இடைவெளி. வாழ்த்து நிறைய வரும் என்பதால் அதற்கு ஒற்றை விசை போதுமென்று வைத்தேன். 1ஐத் தட்டினால் தொடக்க இசை, 2ஐத் தட்டினால் நாதஸ்வரத்தோடு ‘நீடூழி வாழ்க’. மரண அறிவித்தலுக்கு மட்டும் இரண்டு படி. கொன்ட்ரோலையும் K விசையையும் சேர்த்து அமர்த்தி, பிறகு 1 அல்லது 2. இங்கே 2 என்றால் சோக இசையும், ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்’ என்ற பதிவும். அந்தப் பதிவுக் குரலைக் கேட்டால் உயிரோடிருப்பவனே ஒரு தடவை நாடி பிடித்துப் பார்ப்பான். கை தவறி யாரையும் சாகடித்துவிடக் கூடாது என்றுதான் அதற்கு இரண்டு படி வைத்தேன். சிரிக்காதே.

ஏன் K? பாமினி எழுத்துருவில் தமிழ் அடிக்கிற எவருக்கும் ‘ம’ அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஒப்பரேட்டர் ஜெசிந்தா தன்னாமுனையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். அறிவித்தல்களையெல்லாம் பாமினியில், கீபோர்ட்டைப் பாராமல் அடிப்பவள். மரணம் என்று நினைத்தாலே அவளுடைய வலக்கை நடுவிரல் தன்பாட்டில் K-க்குப் போய்விடும். அந்த விரலைப் பார்த்துத்தான் நான் விசையைத் தெரிவு செய்தேன்.

முதற்படி அமர்ந்ததும் ஸ்கிரிப்ட் ஒரு சின்னக் கடிகாரத்தைத் தொடக்கும். இரண்டு விநாடிக்குள் அடுத்தது வராவிட்டால் முழுவதையும் மறந்துவிடும். காத்திருக்கும்போது திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. என் மனைவி ஒரு சாமான் வாங்கிவரச் சொன்னால் படலை தாண்ட முன்னமே எனக்கு மறந்துவிடும். அந்தத் திறமையைத்தான் ஸ்கிரிப்டுக்கும் கற்றுக்கொடுத்தேன்.

இனி எங்கள் முகாமையாளர். பெயர் வேண்டாம். நாங்கள் சேர் என்று சொன்னோம், இங்கேயும் அதுவே இருக்கட்டும். சேர் கீபோர்ட்டைத் தொட முதல் கைலேஞ்சியால் அதைத் துடைப்பார், எங்கள் விரல்களெல்லாம் மீன் வெட்டிவிட்டு வந்தவை போல. பிறகு வலக்கைச் சுட்டுவிரலை மட்டும் நீட்டுவார். மற்ற விரல்கள் மடங்கி, வேறு யாருடையவையோ போல ஒதுங்கி நிற்கும். இடக்கை கொன்ட்ரோலைப் பிடித்துக்கொள்ள மட்டும் வரும். அந்த ஒற்றை விரல் விசைகளின் மேல் வட்டமிடும். இரைக்குக் காத்திருக்கும் கொக்கு தோற்றுவிடும். ‘ம’ K-யில் இருக்கிறதென்று எத்தனை தரம் சொன்னாலும் அவர் விரல் முதலில் M-க்குப் போய், அங்கே ஏமாந்து, பிறகு திரும்பி வரும். அவருக்குப் பிடித்த சொல், சிம்பிள். எதையும் சிம்பிளாக்க வேண்டும். யாருக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒரு நாள் கொழும்பிலிருந்து தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். சேர் அவர்களைக் கலையகத்துக்குள் கூட்டிவந்து, தானே இருந்து செய்து காட்டினார். கைலேஞ்சி, கொக்கு, M, ஏமாற்றம், K. முதற்படி அமர்ந்தது. உடனே 2ஐத் தட்டியிருந்தால் புண்ணியம். மனுசன் வந்தவர்கள் பக்கம் திரும்பி, மக்களின் துயரில் பங்கெடுக்கும் எமது நிலையத்தின் சமூகப் பணி பற்றி ஒரு சிறு உரை ஆற்றினார். ஸ்கிரிப்ட் தன் கடமைப்படி மறந்துவிட்டது. உரை முடித்து, முகத்தைத் தொங்கப்போட்டு, 2ஐத் தட்டினார். ‘நீடூழி வாழ்க.’ வந்தவர்களில் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார்.

அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார். கடிகாரத்தை எடு. அந்தச் சிவப்புப் பொட்டையும் எடு, திரை அம்மை போட்டது போல இருக்கிறது. முதற்படியை அமர்த்தினால், ஆள் ஆறுதலாக இரண்டாவதை அமர்த்தும் வரை அது பொறுமையாக இருக்க வேண்டும். சிம்பிள்.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். முதற்படி தொங்கிக்கொண்டே இருந்தால், எப்போதோ வேறு காரியத்துக்குத் தட்டுகிற 2ஐயும் அது பிடித்து விழுங்கும் என்றேன். அப்படியானால் எஸ்கேப் விசையால் நீக்கிவிடவாவது ஒரு வழி வைக்கிறேன் என்றேன். ஞாபகம் வைக்க இன்னொரு விசையா, நான் சிம்பிளாக்கச் சொல்கிறேன், நீர் கூட்டுகிறீர் என்றார். கதவடியில் நின்ற ஜெசிந்தாதான் கடைசியாக வாயைத் திறந்தாள்.

“அப்ப சேர், கொம்பியூட்டர் மறக்க வேண்டியத நாங்கதான் ஞாபகம் வச்சிரிக்கோணுமா?”

“ஒப்பரேட்டருக்குக் கவனம் இருந்தாச் சரி,” என்றார் சேர்.

கடிகாரத்தை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் வரிகளைக் கணினி தாண்டிப்போகும்படி கோடு போட்டு அடைத்து மட்டும் வைத்தேன். நிஸ்தார், நீ கண்டது அதைத்தான்.

கொஞ்சக் காலம் ஒன்றும் நடக்கவில்லை. ஜெசிந்தா தன் தலைக்குள்ளே ஒரு கடிகாரம் வைத்து ஓட்டினாள். முதற்படியை அமர்த்திவிட்டால் இரண்டாவதை அமர்த்தும் வரை மூச்சு விடமாட்டாள். யாராவது இடையில் பேச்சுக் கொடுத்தால், பொறு என்று இடக்கையைத் தூக்குவாள். தேத்தண்ணி கொண்டுவருகிறவர்கூட அந்தக் கையைக் கண்டு வாசலிலேயே நிற்பார். ஒரு மனுசி ஸ்கிரிப்டின் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அதைத்தான் சேர், பார்த்தீரா, சிம்பிளாகப் போகிறது என்றார்.

அந்தக் காலை, கல்லடிப் பக்கத்து மரணம் ஒன்று வாசிக்க இருந்தது. ஜெசிந்தா கொன்ட்ரோலையும் K-யையும் அமர்த்திவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அறிவிப்பாளர் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னார். செத்த வீட்டுக்காரர் போனில் நிற்கிறார்களாம், அடக்கம் பண்ணும் நேரம் மாறிவிட்டதாம், பிறகு வாசிப்போம். இடைவெளி விழக்கூடாது, அடுத்த வாழ்த்தைப் போடு. வானொலியில் ஒரு மூச்சு நேரம் அமைதி விழுந்தாலும் அது பெரிய குற்றம். அவர் தொடக்க இசைக்கும் காத்திராமல் வாழ்த்தை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். முதற்படி அமர்ந்தபடி இருந்தது. நீக்க விசை இல்லை. காட்டப் பொட்டு இல்லை.

வாழ்த்து, உன்னிச்சையைச் சேர்ந்த, வயல்காணிக்காரரான வேலாப்போடியாருக்கு. அறுபதாவது பிறந்தநாள். மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர் வரிசை நீண்டு முடிந்தது. ஜெசிந்தா 2ஐத் தட்டினாள்.

இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

வானொலியை முழுதாகக் கேட்பவர் யார்? பெயர் காதில் விழும், ஊர் விழும், பிறகு முடிவு விழும். மனைவி, மக்கள், மருமக்கள் என்ற வரிசையும் இரண்டுக்கும் ஒன்றுதானே. அறிவிப்பாளர் உடனே திருத்தம் சொன்னார். அதற்குள் கேட்டவர்கள் எழும்பிச் சட்டை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். போடியாரின் தங்கச்சி பஸ்ஸில் இருந்திருக்கிறாள். அங்கேயே ஒப்பாரி வைத்து, பஸ்ஸில் இருந்தவர்களையும் அழப்பண்ணி, அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தவள், வயல் வட்டைக்குப் போகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்த அண்ணனைக் கண்டு மயங்கி விழுந்தாள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் போடியார் எங்களிடம் வந்தார்.

மருமகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தார். கால் வரைக்கும் சேறு. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் அமைதியாகச் சொன்னார்.

“நான்தான் மனே, செத்த ஆள்.”

சேர் ஓடிவந்தார். கதிரை, தேத்தண்ணி, மன்னிப்பு. போடியார் ஒன்றையும் தொடவில்லை. தங்கச்சி கண் திறக்கும் வரைக்கும் தேத்தண்ணி இறங்காது என்றார். இதை ஆர் செய்தது என்று கேட்டார். சேர் தயங்கவே இல்லை. ஒப்பரேட்டர் பிழை என்றார். ஜெசிந்தாவைப் பார்த்து, உடனே வீட்டுக்குப் போ, விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்றார். போக முன் போடியாரிடம் பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேள் என்றார்.

அவள் போடியாரின் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, உங்கட தங்கச்சிக்கு நடந்ததுக்கு நான் அழுறன். ஆனா நான் வாழ்த்துக்குரிய விசையத்தான் அமத்தினன். பிழை எண்டு மட்டும் சொல்லமாட்டன்.”

“பாருங்க, இதுதான் இவவின்ட திமிர்,” என்றார் சேர்.

 போடியார் சேரிடம், சரி, நான் உயிரோடு இருக்கிறேன் என்று இப்போதே சொல்லுங்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் தங்கச்சிக்குப் பக்கத்தில் றேடியோ வைத்திருக்கிறது என்றார்.

சேர் கலையகத்துக்குள் போனார். ஜெசிந்தாவை விரட்டியாயிற்று, அறிவிப்பாளரும் வேண்டாம், தானே வாசித்துத் தானே இசையும் போடுவாராம். போடியாரையும் உள்ளே அழைத்து இருத்தினார். நான் கதவடியில் நின்றேன். கைலேஞ்சியால் கீபோர்ட்டைத் துடைத்தார். பிறகு போடியாருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். பாருங்க ஐயா, எவ்வளவு சிம்பிள், இந்தப் பிள்ளை செய்த மடைத்தனம் இதுதான் என்று சொல்லி, கொக்கு வட்டமிட்டு, M-இல் ஏமாந்து, K-யில் இறங்கியது. முதற்படி அமர்ந்தது. காட்டிவிட்டார், அவ்வளவுதான். இரண்டாவதை அமர்த்தவில்லை.

நான் வாயைத் திறந்தேன். சேர், அது இப்ப தொங்குது என்று சொல்ல. அவர் என் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கினார். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது, ஒலிவாங்கி திறந்துவிட்டது. வாயை மூடினேன். மூடுவதில் எனக்கு ஒரு சந்தோசமும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

சேருக்கு நல்ல குரல். உன்னிச்சை வேலாப்போடியார் அவர்கள் பூரண சுகத்தோடு எமது கலையகத்தில் எம் முன்னே அமர்ந்திருக்கிறார் என்றார். காலையில் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம் என்றார். போடியார் முதல் தடவையாக முகம் தெளிந்து தலையாட்டினார். சேர் புன்சிரிப்போடு சுட்டுவிரலைத் தூக்கி, 2ஐத் தட்டினார்.

உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

போடியார் எழும்பினார். தன் நெஞ்சில் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்தார், சத்தியமாக.

“இப்ப ஆர்ர பிழை தம்பி?” என்றார்.

சேரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி மனுசனுக்கு விளங்கிவிடும், வாசல் வரைக்கும் போயிருக்கிற ஜெசிந்தாவைத் திருப்பிக் கூப்பிடுவார், கடிகாரத்தைத் திறந்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். என் மண்டையில் குறைவது மயிர் மட்டுமல்ல என்பதற்கு அது சாட்சி. சேர் கீபோர்ட்டைக் கையில் தூக்கினார். கவிழ்த்துத் தட்டினார். உள்ளே இருந்து இரண்டு பாண் துணிக்கை விழுந்தது.

“கீபோர்ட் பழுது,” என்றார். “உடனே மாத்துங்க.”

அன்றைக்கே புதுக் கீபோர்ட் வந்தது. பழையதைக் குப்பையில் போட்டார்கள். பாவம், அதற்கும் ஒன்றும் தெரியாது. அவள் கை பட்டால் ஒப்பரேட்டர் பிழை, அவர் கை பட்டால் கீபோர்ட் பழுது. நான் விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். செய்தும் காட்டினேன். முதற்படி, பொறுத்திருந்து 2. ஒவ்வொரு தரமும் சோக இசை வந்தது. இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மிகவும் பயனுள்ள விளக்கம் என்று எனக்கு நன்றியும் சொன்னார். முடிவில், ஜெசிந்தா பிழையை ஏற்று எழுதித் தந்தால் திரும்ப எடுப்போம் என்றார்கள். அவள் வேலையை விட்டாள். எழுதிக் கொடுத்திருந்தால் சம்பளம் இருந்திருக்கும். தகப்பனுக்கு நடமாட முடியாத நேரம் அது. ஆனாலும் எழுதிக் கொடுக்கவில்லை. சேர் கொழும்புக்குப் பதவி உயர்ந்து போனார். அவர் போன கையோடு கடிகாரத்தைத் திறக்க அனுமதி கேட்டேன். மேலிடத்தின் அறிவுறுத்தல் இல்லாமல் எதையும் மாற்ற வேண்டாம் என்றார்கள். நான் ஓய்வுபெறும் வரைக்கும் அந்த நிலையத்தின் ஒப்பரேட்டர்கள் எல்லோரும் இடக்கையைத் தூக்கிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். ஏன் தூக்குகிறோம் என்றுகூடப் பிறகு வந்தவர்களுக்குத் தெரியாது. அது இங்கத்தைய பழக்கம் என்று நினைத்தார்கள்.

ஆகவே நிஸ்தார், நீ எழுதும் புது ஸ்கிரிப்டில் முதற்படிக்கு மறதி வை. காத்திருக்கும்போது கண்ணில் குத்துகிற மாதிரிப் பொட்டு வை, அம்மை என்று யாரும் சொன்னால் என்னிடம் அனுப்பு. எஸ்கேப்பை வை. சாவுக்கும் வாழ்த்துக்கும் ஒரே 2ஐ வைக்காதே. அதையும் நான் இப்போது வேறாகத்தான் வைப்பேன். அந்தப் பாடத்தின் தலைப்பை மாற்று. மாற்ற உனக்கு அதிகாரம் இல்லை என்றாய், அது மேலிடத்திலிருந்து வருகிறதாம். அப்படியானால் காட்டும்போது இதையும் பக்கத்தில் வைத்துக் காட்டு.

நேற்று ஜெசிந்தாவைத் தேடிப் போனேன். மட்டக்களப்பு நகரில் ஒரு தட்டச்சுக் கடை வைத்திருக்கிறாள். கலியாணக் கார்ட், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பு, வழக்குப் பத்திரம், எல்லாம் பாமினியில், கீபோர்ட்டைப் பாராமல். நான் நொண்டிக்கொண்டு போனதைக் கண்டு ஏன் அண்ண என்று கேட்டாள். கதிரைக் கதையைச் சொன்னேன். கதிரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிறகு பாடத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் விரல் நிற்கவில்லை. அடித்துக்கொண்டே கேட்டாள், அதில் தன் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று. நிஸ்தாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான்: ஜெ, சி, றன்னகர ன், தா.

அப்போதுதான் விரல் நின்றது.

“பிழை விட்டவள் எண்டு எழுதினவனுகள், எண்ட பேரையே பிழையாத்தானே எழுதியிரிக்கானுகள்.”

நான் பையிலிருந்து, அதுவரை எழுதியிருந்த இந்தத் தாள்களை எடுத்தேன். என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம். வாசித்துப் பார்த்துவிட்டு, பேரைப் போட்டது சரி, ஊரையும் போடுங்க என்றாள். போட்டிருக்கிறேன் என்றேன். சேரின் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டாள். எனக்கு இன்னும் பயம் என்றேன். சிரித்தாள்.

“தாங்க அண்ண, நான் அடிக்கன்.”

எழுதியது நான். தட்டச்சுச் செய்தது தன்னாமுனை ஜெசிந்தா. மேலே எங்காவது பிழை கண்டால், அது ஒப்பரேட்டர் பிழை அல்ல.